பூட்டுத்திரை

கொம்பன்விளை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சுயம்புகனி நடத்திவந்த கம்ப்யூட்டர் கடையில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்ட வாரம்தான் ஐப்பசி மழையும் தொடங்கியது, அதனால் பின்னால் நடந்தவற்றுக்கு மழையைக் காரணம் சொன்னவர்கள் ஊரில் உண்டு, சிஸ்டத்தைக் காரணம் சொன்னவர்கள் அதைவிட அதிகம் உண்டு, மனுஷரைக் காரணம் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

சின்னக் கடைதான் அது. கரண்டு பில் கட்ட, பரீட்சை ரிசல்ட் பார்க்க, ரயில் டிக்கெட் போட, ஜெராக்ஸ் எடுக்க என்று ஊரில் எல்லா வீட்டாரும் அந்தப் படியில் ஏறியாக வேண்டும். சுயம்புகனிக்கு நாற்பது வயதிருக்கும். அவள் புருஷன் லிங்கதுரை ஊருக்கு மேற்கே இருந்த கயிறு மில்லில் மெஷின் ஓட்டினான். அவன் மட்டுமா, ஊரில் பாதி வீட்டு அடுப்பு அந்த மில்லை நம்பித்தான் எரிந்தது. மில் முதலாளி வைகுண்டமணியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மூத்தவர் இளையவர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்புக் கிடையாது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், சுயம்புகனி தாலுகா ஊரிலிருந்து நெல்சன் என்ற சர்வீஸ்காரனை வரவழைத்தாள். அவன் ஒரு பென்டிரைவோடு வந்து, மத்தியானம் வரை உட்கார்ந்து, புதியதைப் போட்டு, மொழியையும் தமிழாக்கிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளில் கை பழகிவிடும் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கை பழகவில்லை. இடது மூலையில் இருந்த பட்டன் நடுவுக்கு நகர்ந்துவிட்டது, அவள் கை மட்டும் வருஷக்கணக்கான பழக்கத்தில் மூலைக்கே போய் வெறும் இடத்தை அமுக்கிக்கொண்டிருந்தது; பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிரிண்டரை அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சிஸ்டம் சாதித்தது; பழைய தமிழ் எழுத்தில் அடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளெல்லாம் கட்டம் கட்டமாக வந்தன; ஒரு பெண்பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது, யாரையும் கேட்காமல் அதுவாக அணைந்து, புதுப்பிக்கிறேன் பொறுங்கள் என்று ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு, அந்தப் பெண்ணை அழவைத்தது; சேமித்த கோப்பு எங்கே என்று தேடினால் மேகத்தில் இருக்கிறது என்று சொன்னது. மேகம் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் குடையோடும் ஈரக்காலோடும் நின்று நின்று, பழையதில் என்ன குறை கண்டாய் என்று சுயம்புகனியையே கேட்டார்கள்.

காலையில் மெஷினைப் போட்டுவிட்டு சுயம்புகனி ஊதுபத்தி கொளுத்துவதற்குள், பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால், திரை முழுக்க ஒரு படம் வரும். அதற்குப் பூட்டுத்திரை என்று பேர் என்று நெல்சன் சொல்லியிருந்தான். முதலில் பனிமலை வந்தது, அப்புறம் ஏதோ தேசத்து ஏரி. படத்தின் ஓரத்தில் ‘நீங்கள் காண்பது பிடித்திருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். சுயம்புகனி அதற்குப் பதில் சொன்னதில்லை.

பிறகு ஒரு காலையில் அல்போன்சா டீச்சரின் அடுப்படி வந்தது. தட்டுகள் கவிழ்த்திருக்கும் அலமாரிக்கு உள்ளே இருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது: முந்தின நாள் மீன்குழம்புச் சட்டி, ஜன்னலில் காயும் கரித்துணி, மேடையில் ஒரு கரண்டி. டீச்சர் கரண்டு பில் கட்ட முதல் ஆளாக வந்து நின்றிருந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, கரண்டியைக் கழுவாமல் போட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தபால்காரர் வீட்டுக் கட்டிலடி வந்தது, அதற்கு மறுநாள் கோயில் பூசாரி வீட்டு அரிசிப் பானையின் உட்புறம் வந்தது, மேலே மூடி திறந்து பூசாரியின் மனைவியின் கை இறங்குவது வரை. தினம் ஒரு வீடு, முந்தின நாள் இருந்தது இருந்தபடி, எந்த மனுஷனும் நின்று படம் எடுக்கமுடியாத இடத்திலிருந்து.

சந்தேகம் முதலில் நெல்சன் மேல் விழுந்தது. அவனைக் கூப்பிட்டு நடுக்கடையில் நிறுத்திக் கேட்டார்கள். அவன் திரையைப் பார்த்தான், மழை வடியும் தன் ஹெல்மெட்டைப் பார்த்தான்.

“அக்கா, நான் போட்டது மலையும் ஏரியும்தான். இது என் வேலை இல்ல,” என்றான்.

அதன்பிறகு சந்தேகம் சுயம்புகனி மேல் வந்தது, அவளுடைய வீட்டுப் புறவாசலே ஒருநாள் படமாக வந்து அவளுடைய கிழிந்த பாவாடை கொடியில் தொங்குவதை ஊரே பார்த்த பிறகு அவளை விட்டு நகர்ந்தது. வீடு வீடாகக் கேமரா தேடினார்கள். பரணில் ஏறினார்கள், ஓட்டைப் பிரித்தார்கள், சாமி படத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். தொலைந்துபோன மூக்குத்தித் திருகு கிடைத்தது, செத்த பல்லி கிடைத்தது, யாருடையது என்று தெரியாத ஒரு பல்செட் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. டீக்கடை சாகுல் ஒரு துண்டைக் கொண்டுவந்து திரையை மூடினார். மறுநாள் துண்டின் மேலேயே அவர் கடை பாய்லரின் உட்புறம் தெரிந்தது. இன்டர்நெட் வயரைப் பிடுங்கியும் படம் வந்தது. கரண்டு இல்லாத காலையிலும் வந்தது, அப்போது மட்டும் கொஞ்சம் மங்கலாக. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, தன்னுடைய குவார்ட்டர்ஸின் குளியலறையைத் திரையில் பார்த்து, கொடுத்த மோரைக் குடித்து, இதில் வழக்குப் போட வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே ஊர் அதற்கு ஏற்றமாதிரி வாழப் பழகியது. பெண்கள் கட்டிலடியைக் கூட்டினார்கள், பரணைத் துடைத்தார்கள், அலமாரிக்குள் படம் போட்ட காகிதம் விரித்தார்கள். துணிக்கடையில் ஜன்னல் திரையும் பெட்ஷீட்டும் தீர்ந்துபோயின. வீட்டுக்குள் குடித்தவர்கள் பனங்காட்டுக்குப் போய்க் குடித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சண்டையைக் காதோடு காதாகப் போட்டார்கள். காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே படியில் கூட்டம் நின்றது, வேலை இருப்பவர்கள் கொஞ்சம், இல்லாதவர்கள் அதிகம். பெண் பார்க்க வந்த தரகர்கள்கூட ஒரு நடை இங்கே வந்து காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். தங்கள் வீடு இன்னும் வரவில்லையே என்று சிலர் மனத்தாங்கல் பட்டு, பிடித்திருக்கிறது என்பதை அமுக்கினால் நல்ல வீடாக வருமா என்று சுயம்புகனியிடம் தணிந்த குரலில் கேட்டார்கள். அவள் அமுக்கினாள். கருத்துக்கு நன்றி என்று வந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் யாரும் நிம்மதியாக இல்லை. தொலைந்துபோனதாகச் சொன்ன பித்தளை விளக்கை நாத்தனார் வீட்டுப் பரணில் பார்த்துவிட்டு அண்ணன் பெண்டாட்டி பேச்சை நிறுத்தினாள். வயிற்றுவலி என்று சொல்லி வேலைக்கு வராதவன் வீட்டில் நெய்ச்சோறு கிண்டிய சட்டி தெரிந்தது. யார் வீட்டில் எதைப் பார்த்தாலும், பார்த்ததற்கு மேலே பார்க்காதது எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினார்கள், தெருவில் எதிரே வருகிறவனின் முகத்தைவிட அவன் வீட்டுக் கட்டிலடியைத்தான் நினைத்தார்கள்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் யாருக்கும் தெரியாத ஓர் அறை வந்தது.

ஒடுக்கமான அறை. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர். ஜன்னலுக்குப் பலகை அறைந்திருந்தது. ஓரத்தில் ஒரு குழாய், அதன் கீழே பிளாஸ்டிக் வாளி. கோரைப்பாயில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு.

இது யார் வீடு என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டின் பின்கட்டை, சாவி போட்ட அறையை, மாட்டுக்கொட்டகையை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். அடுத்த நாள் வேறு வீடு வரும், இதை மறந்துவிடலாம் என்று இருந்தார்கள். அடுத்த நாளும் அதே அறைதான் வந்தது. தட்டு மட்டும் இடம் மாறியிருந்தது. அதற்கு அடுத்த நாள் வாளி நிரம்பியிருந்தது. பாய் அப்படியே, முதுகு அப்படியே. முதலில் மலையும் ஏரியும் வந்ததே, அந்தமாதிரி இதுவும் ஏதோ வெளிதேசத்து அறை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சுயம்புகனி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். முன்பெல்லாம் திரைக்குப் பக்கத்தில் முண்டியடித்தவர்கள் இப்போது வாசல்படிக்கு வெளியே, மழையில் நின்று பார்த்தார்கள். படம் வந்ததும் உடனே பேச்சை எடுத்தார்கள், பேச்செல்லாம் பிரிண்டரைப் பற்றி. பிரிண்டரைக் காணோம் என்கிறதே, பட்டனை எதற்கு நடுவில் கொண்டுவைத்தான், எழுத்தெல்லாம் கட்டமாக வருகிறதே, பழைய சிஸ்டம் எவ்வளவு வேகம், இதைப் போட்டவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் பிரிண்டரில் ஒரு நாளும் எதுவும் எடுத்திராதவர்கள்கூடப் பிரிண்டரைப் பற்றிப் பேசினார்கள். டீக்கடையில் பேசினார்கள், குளத்தங்கரையில் பேசினார்கள், ஒரு துக்க வீட்டில் பாடையைத் தூக்கும் வரை பேசினார்கள்.

ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது அவள் திரையைப் பூட்டி, அந்த அறையை வரவழைத்து, முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள். தட்டின் விளிம்பில் பாத்திரக்கடைக்காரர்கள் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொடுக்கும் எழுத்தில் ஒரு பேர் இருந்தது. தமயந்தி. படித்த பிறகு எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். வாசலில் இருந்தும் படிக்க முடிந்தது. படிக்கட்டில் இருந்தும் படிக்க முடிந்தது.

தமயந்தி வைகுண்டமணியின் மனைவி, அண்ணாச்சியின் பெண்டாட்டி என்பதால் ஊருக்கு மைனி. கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸ் வேலை பார்த்தவள், இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மில்லில் கையை நசுக்கிக்கொண்டவர்களுக்குத் தானே தையல் போட்டு மருந்து வைத்துக் கட்டுவாள். மறுபடி வேலைக்குப் போகவேண்டும் என்று கேட்டாள், அவர் விடவில்லை என்று சொல்வார்கள். ஒருநாள் அவள் ஒரு பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றதையும், கார் வந்து அவளைத் திருப்பிக் கூட்டிப்போனதையும் பார்த்தவர்கள் உண்டு. அதன்பிறகு அவள் மலேசியாவில் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாக அவர் சொன்னார். ஊர் சரி என்றது. அது நடந்து எத்தனையோ மழை பெய்து ஓய்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு போடும்போது சுயம்புகனி லிங்கதுரையிடம் சொன்னாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

“தெரியும்,” என்றான்.

“எப்பத்துலேருந்து?”

“படம் வந்த அன்னைக்கே. எல்லாருக்கும் தெரியும் கனி. பேசாம சாப்புடு.”

அவளும் சாப்பிட்டாள். மறுநாள் கடையைத் திறந்தாள், அறை வந்தது, கூட்டம் பிரிண்டரைப் பற்றிப் பேசியது, அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்படிச் சில நாட்கள் போயின. சோறு இறங்கவில்லை என்பதைத் தவிர அவளுக்கு வேறு கெடுதல் ஒன்றும் இல்லை.

பிறகு ஒருநாள் காலையில் வைகுண்டமணியே வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, காரில் பின்சீட்டில் நெல்சன். ஊர்க்காரர்கள் இந்தப் புதுசினால் படுகிற சிரமத்தைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றும், பழையதற்குத் திரும்பிப் போக இதிலேயே ஒரு வழி இருப்பதாகவும், அதற்கு ஒரு கெடு உண்டு, கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்று நெல்சன் சொல்வதாகவும் மெதுவாக, அன்பாகச் சொன்னார். சுயம்புகனி ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே வாசலில் நின்ற கூட்டம் சொல்லத் தொடங்கியது. அண்ணாச்சி சொல்வதுதான் சரி, அந்தப் பிரிண்டர் ஒன்று போதாதா, என் பிள்ளையின் விண்ணப்பம் போனதே போதாதா, கட்டம் கட்டமாக வந்த பத்திரிகை போதாதா என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள், சொல்லும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. லிங்கதுரையும் அந்தக் கூட்டத்தில் நின்றான். அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நெல்சன் உட்கார்ந்து எதையெதையோ திறந்தான். திரும்பிச் செல் என்ற பட்டனை அமுக்கினான். சிஸ்டம் உடனே போகவில்லை. ‘நீங்கள் ஏன் திரும்பிச் செல்கிறீர்கள்?’ என்று கேட்டது. கீழே காரணங்கள் வரிசையாக இருந்தன: என் சாதனங்கள் வேலை செய்யவில்லை. பழையது பயன்படுத்த எளிதாக இருந்தது. வேறு காரணம், எங்களிடம் சொல்லுங்கள்.

நெல்சனின் கை முதல் காரணத்துக்குப் போனது.

“அது இல்ல,” என்றாள் சுயம்புகனி. “கடைசியா இருக்கதை அமுக்கு.”

அவன் அமுக்கினான். எழுதுவதற்கு ஒரு வெள்ளைக் கட்டம் திறந்தது.

“என்னக்கா எழுத?”

“தமயந்தி மைனி எங்கன்னு எழுது.”

நெல்சன் எழுதவில்லை. அவன் வெளியூர்க்காரன், அந்தப் பேரை அவன் கேட்டதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தியது அவனுக்குக் கேட்டது. வைகுண்டமணி கோபப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவ மலேசியாவுல அவ அண்ணன் வீட்டுல இருக்கா கனி. ஊருக்கே தெரியும்,” என்றார்.

“ஆமா அண்ணாச்சி. ஊருக்கே தெரியும்,” என்று சொல்லிவிட்டு, சுயம்புகனி குனிந்து திரையைப் பூட்டினாள்.

அறை வந்தது. நீலச் சுவர், பலகை அறைந்த ஜன்னல், வாளி, தட்டு. எத்தனையோ நாளாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெண் அன்று இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முடியைக் கத்தரியால் கண்டபடி வெட்டியிருந்தார்கள். மெலிந்திருந்தாள். அது தமயந்தி இல்லை என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவராலும் முடியாது. பாதிப் பேரின் கையில் அவள் போட்ட தையலின் தழும்பு இருந்தது.

யாரும் நகரவில்லை. லிங்கதுரைதான் செருப்பை மாட்டினான்.

“நார் குடோனுக்குப் பின்னால,” என்றான், பெண்டாட்டியைப் பார்த்து இல்லை, தெருவைப் பார்த்து. “சாப்பாடு போறதப் பாத்திருக்கேன்.”

அவன் இறங்கி நடந்தான். சுயம்புகனி அவன் பின்னால் இறங்கினாள். கொஞ்ச தூரம் போனபிறகு சாகுல் டீக்கடையிலிருந்து இறங்கி வந்தார், டீச்சர் வந்தாள், பிறகு ஒருவரை விட்டு ஒருவர் நிற்க வெட்கப்பட்டு எல்லாரும் வந்தார்கள். வைகுண்டமணி யாரையும் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி நெல்சனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

போலீஸ் வந்ததும், மில்லை வேறு ஒருவர் எடுத்து நடத்தியதும், அதுவரை மில் மூடிக்கிடந்த சில மாதம் பல வீடுகளில் கஞ்சி குடித்ததும், பழையதற்குத் திரும்பும் கெடு அப்படியே முடிந்துபோய் அந்தச் சிஸ்டமே கடையில் நிலைத்ததும், பூட்டுத்திரையில் மறுபடி மலையும் ஏரியும் வந்ததும் பின்னால் நடந்தவை. அன்று நடந்தது இவ்வளவுதான்: மில் வாட்ச்மேன் கூட்டத்தைப் பார்த்துச் சாவியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றான், லிங்கதுரை பூட்டைத் திறந்தான், தமயந்தி வெளியே வந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, மழையில் நின்றாள்.

யாரோ குடை பிடித்தார்கள். யாரோ இளநீர் கொண்டுவந்தார்கள். அவள் இரண்டையும் கவனிக்கவில்லை. உள்ளே தன்னுடைய பை இருக்கிறது, எடுத்து வருகிறாயா என்று சுயம்புகனியிடம் கேட்டாள்.

சுயம்புகனி உள்ளே போனாள். பை மூலையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே நீலச் சுவரில் தன்னுடைய கடை தெரிந்தது. திரை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது: மேஜை விளிம்பு, ஜெராக்ஸ் மெஷின், திறந்த வாசல், வாசலுக்கு வெளியே படி, மழை. நாற்காலியில் வைகுண்டமணி தம்ளரைக் கையில் பிடித்தபடி நேரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது தாயி. தெரிந்திருந்தால் விட்டிருப்போமா. மலேசியா என்றுதான் சொன்னார். எங்களுக்கு என்ன தெரியும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் சொன்னார், சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள், அந்த அழுகை பொய் இல்லை. தமயந்தி எல்லாருடையதையும் கேட்டாள், ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள், வெகுநாள் கழித்துப் பார்க்கிற மாதிரி இல்லை, இன்று காலையில் பார்த்தவர்களை மறுபடி பார்க்கிற மாதிரி.

“டீச்சர், நீங்க குடைய மடக்காமலே நின்னு பாப்பிய,” என்றாள். “சாகுலண்ணே, நீங்க ஒரு தடவ வந்திய, பெறவு வரல. பிரிண்டரு சரியாயிட்டா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அழுதவர்கள் நிறுத்தினார்கள். சுயம்புகனி பையை நீட்டினாள். தமயந்தி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நீ தெனமும் ஊதுபத்தி கொளுத்தி வச்சிட்டுத்தான் என்னப் பாப்ப,” என்றாள். “என்னைக்காவது கொளுத்துததுக்கு முந்தியே பாப்பியான்னு இருந்தேன்.”

அதற்கு மேல் அவள் அந்த ஊரில் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வா, தலை துவட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்ட எல்லார் வாசலையும் தாண்டி நடந்து, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். ஊர் அவளுக்கு எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், நனைந்தபடி நின்றது. பஸ் வந்தது, அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தாள், டிரைவர் டீ குடித்து வரும் வரை பார்த்தாள். அவ்வளவு நேரமும் கொம்பன்விளையில் ஒருவரும் தன் முகத்தை முதலில் திருப்பத் துணியவில்லை.